வாயிலில் உள்ள தடையும் படைப்பில் உள்ள தடையும்: கணினி விளையாட்டுக்கள் பற்றி மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே இன்றும் ஒரு தயக்கம் உண்டு. இத்தயக்கம் புதியதன்று. நாட்டுக்கூத்தைப் படிப்பறியாதார் பொழுதுபோக்கென ஒதுக்கிய கல்வியுலகம், பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலானோரின் முயற்சிக்குப் பின்னரே அதனை ஆய்வுக்குரிய கலையாக ஏற்றுக்கொண்டது. மன்னாரின் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இல் அவரது பதிப்பாக அச்சேறியது. அதுவரை ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் வாழ்ந்த ஒன்று அதன்பின் பல்கலைக்கழக நூலகத்துட் புகுந்தது. மக்கள் தம் ஓய்வு நேரத்தை எதனிடம் ஒப்படைக்கின்றனரோ, அதனை ஆராயாது விடுதல் திறனாய்வாளனுக்கு அழகன்று. இன்று பேசாலையிலும் தலைமன்னாரிலும் முருங்கனிலும் அவ்வோய்வின் ஒரு பகுதி கைத்தொலைபேசித் திரையிற் கழிகின்றது. ஆயினும் அதைப் பற்றிய நமது பேச்சு, விளையாட்டு நன்மை தருமா தீமை தருமா என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதன் வடிவம் எத்தகைய மனிதனை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது என்ற வினா எழுவதில்லை.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, விளையாடுவோர் உலகெங்கும் வைக்கும் கோரிக்கைகள் தக்க சான்றாகின்றன. எல்லா விளையாட்டிலும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கூறுவன பெரும்பாலும் ஒன்றுபோலவே உள்ளன. நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கும் வசதி, விசைகளைத் தமக்கேற்ப மாற்றியமைக்கும் உரிமை, எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வழி, பேச்சுக்கு எழுத்து வடிவம், நிறம் பிரித்தறிய இயலாதார்க்கு மாற்றுக் குறி, கடினத்தின் அளவைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு, தாய்மொழி, இணையத் தொடர்பின்றி ஆடும் வசதி ஆகியன அவை. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை வாடிக்கையாளரின் சிறு குறைகளாகத் தோன்றலாம். சமூகவியல் நோக்கிற் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. விளையாட்டை ஆக்கியோர் கற்பனை செய்த மனிதனும் அதை உண்மையில் விளையாடும் மனிதனும் எங்கே வேறுபடுகின்றனரோ, அங்கேயே இக்கோரிக்கை ஒவ்வொன்றும் பிறக்கின்றது.

முதலில் சேமித்தலை எடுத்துக்கொள்வோம். 1978இல் யப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நாணயமிட்டு ஆடும் இயந்திரத்துக்கென ஆக்கப்பட்டது. ஆட்டம் விரைவில் முடிவதே அவ்வணிகத்தின் உயிர்நாடி. ஆட்டத்தைக் காத்துவைத்து மறுநாள் தொடர்வதற்கு அங்கு இடமில்லை. விளையாட்டு வீட்டினுள் வந்தபின், 1986இல் யப்பானில் வெளியான த லெஜென்ட் ஒவ் செல்டா ஆட்டத்தின் நிலையை வட்டில் எழுதிவைக்க இடமளித்தது. ஆயினும் குறித்த இடத்தை அடைந்தாலன்றிச் சேமிக்க முடியாத விளையாட்டுக்கள் இன்றும் வருகின்றன. இவ்வமைப்பு இடையறாத மாலைப்பொழுதையும் தடைப்படாத மின்சாரத்தையும் உடைய ஒருவனையே தன் விளையாட்டாளனாக எண்ணியிருக்கிறது.

மன்னார்த் தீவில் அத்தகைய மாலைப்பொழுது யாருக்கு உண்டு? கரைவலை இழுக்க ஆள் தேவைப்படும்போது வாடியிலிருப்பவன் எழுந்தே ஆகவேண்டும். வள்ளம் கரைசேரும் நேரத்தைக் காற்றும் மீன்பாடும் தீர்மானிக்கின்றன. வீட்டிலிருக்கும் பெண்ணின் ஓய்வோ இதனினும் துண்டுபட்டது. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டமை நாம் அறிந்ததே. அதற்கு முன் நீண்ட போர்க்காலம் இருந்தது. 1990 ஒக்ரோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரம் சென்றன. இப்பேரிழப்புக்களை ஒரு விளையாட்டின் வசதியோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் இடையறவே வாழ்வின் இயல்பான இக்கரையில், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை ஆடம்பரம் என்று எவரும் சொல்லார்.

இரண்டாவது, உடல் பற்றியது. மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பிற் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017இலேயே. கையையோ கண்ணையோ இழந்த மனிதர் நம் ஊர்களில் வாழ்கின்றனர். இரு கைகளின் பத்து விரல்களும் ஒரே வேளையில் இயங்கும் என்ற எண்ணத்தில் அமைந்த விளையாட்டு, அவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. இதனை மாற்ற இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் தகவமைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பெரிய பொத்தான்களைக் கொண்டது. காலாலோ தலையசைவாலோ இயக்கும் விசைகளையும் அதனோடு இணைக்கலாம். 2020இல் வெளியான த லாஸ்ற் ஒவ் அஸ் இரண்டாம் பாகத்தில் இத்தகைய அமைப்புகள் 60க்கு மேற்பட்டவை. உடற்குறையுள்ள விளையாட்டாளர்களோடு கலந்து அவை உருவாக்கப்பட்டன. பார்வையற்றோர் ஒலியின் துணைகொண்டே அவ்விளையாட்டை முற்றாக ஆடி முடித்தனர்.

இவ்விடத்து நமது மொழியையும் நாம் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறுவர் ஆட்டத்தில் வலுவற்ற ஒருவனைப் பெயருக்குச் சேர்த்துக்கொள்வதை 'ஒப்புக்குச் சப்பாணி' என்கிறோம். அவன் பிடிபட்டாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. அத்தொடரில் இரக்கம் உண்டு. கூடவே, கால் நடக்க மாட்டாதவன் உண்மையான ஆட்டக்காரனாக இருக்க முடியாது என்ற தீர்ப்பும் உண்டு. இன்று கோரப்படுவது இத்தகைய சேர்ப்பன்று. வெற்றியும் தோல்வியும் தன் கணக்கில் எழுதப்படும் முழு ஆட்டக்காரனாக நிற்கும் உரிமையே கோரப்படுகிறது.

மூன்றாவது, மொழி. பெருநிறுவனங்களின் விளையாட்டுக்களில் தமிழ் இடம்பெறுதல் அரிது. சந்தை சிறிது என்பது வழமையான விடை. அதற்கப்பால் தொழினுட்பக் காரணமும் ஒன்றுண்டு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் மெய்யின் குறி முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படும். திரையில் வரையும்போதே கொம்பு எழுத்துக்கு முன்னே நகர்த்தப்படும். இந்நகர்த்தலைச் செய்யத் தெரியாத விளையாட்டுப் பொறியில் 'பேசாலை' என்று எழுதினால், பகரத்தின் கொம்பும் லகரத்தின் ஐகாரக் குறியும் தத்தம் எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். ஊரின் பெயரையே அவ்வூரவன் வாசிக்க முடியாது. 2023இல் வெளிவந்த கொடோ 4 போன்ற திறந்த பொறிகள் இச்சிக்கலைத் தீர்த்துள்ளன. ஆதலின் தமிழ் தர இயலாது என்ற கூற்று இன்று வலுவிழந்துவிட்டது. எஞ்சியிருப்பது தர விருப்பமின்மையே.

இக்கோரிக்கைகளுக்கு எதிராக ஒரு கலைக்கொள்கை முன்வைக்கப்படுகிறது. கடினமே சில விளையாட்டுக்களின் பொருள். அதை எளிதாக்கினாற் படைப்பாளியின் நோக்கம் சிதையும் என்பர். யப்பானின் டார்க் சோல்ஸ் (2011), செக்கிரோ (2019) ஆகியவற்றையொட்டி இவ்வாதம் வலுத்தது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பலமுறை வீழ்ந்து எழுந்து பகையின் அசைவைக் கற்றுக்கொள்வதே அவ்வாட்டங்களின் அனுபவம். ஆயினும் கனடாவிலிருந்து வந்த செலஸ்ற் (2018) மிகக் கடினமான மலையேற்றத்தைத் தன் கருவாகக் கொண்டும், வேகத்தைக் குறைக்கவும் பாத்திரத்தின் வலிமையைக் கூட்டவும் வழி வைத்தது. அதனால் அப்படைப்பின் மதிப்புக் குன்றவில்லை. நம் மரபிலும் இதற்கு இணையுண்டு. பல இரவுகள் நீண்ட நாடகங்களை ஓரிரவில் ஆடுமாறு சுருக்கி வாசாப்பு என வழங்கியது மன்னார். விடிந்தால் தொழிலுக்குப் போகவேண்டியவனும் கலைக்கு உரியவனே என்பதை அச்சுருக்கம் ஏற்றுக்கொண்டது. நீண்ட நாடகம் அதனால் அழிந்துபோகவில்லை.

எனவே இருவகைத் தடைகளை வேறுபடுத்தி நோக்குதல் இன்றியமையாதது. படைப்பினுள் அமைந்த தடை ஒன்று. வாயிலில் நிற்கும் தடை மற்றொன்று. முன்னையது அனுபவத்தைத் தருவது. பின்னையது அனுபவத்துக்கு உரியோரைத் தெரிந்தெடுப்பது. இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு ரொறொன்ரோவில் உருவாகி 2023 யூலையில் வெளியான 'வெண்பா'வினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

1980களின் இறுதியிற் கனடாவிற் குடியேறிய தமிழ்த் தம்பதியர் வெண்பாவும் பாவலனும். அவர்களின் மகன் கவின். தாய் கொடுத்த சமையற் குறிப்பேட்டில் எழுத்துக்கள் மங்கியும் தாள் கிழிந்தும் உள்ளன. விடுபட்ட படியை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதை விளையாடுபவர் தாமே கண்டறிய வேண்டும். தவறினால் மீண்டும் முயலலாம், குறிப்பும் கேட்கலாம், தண்டனை இல்லை. அக்குறிப்பேட்டின் சிதைவை ஒரு பொத்தானை அழுத்திச் சீராக்கும் வசதி இருந்திருந்தால் விளையாட்டே இல்லாது போயிருக்கும். தாயின் அறிவு மகளிடம் குறையாகவும், மகளின் மொழி பேரனிடம் மேலும் குறையாகவும் சென்றடையும் துயரம் அச்சிதைவிலேயே தங்கியுள்ளது. அது படைப்பினுள் அமைந்த தடை. வாயிலிலோ தடை மிகக் குறைவு. விரைந்த விரல்களை அது வேண்டுவதில்லை. ஒரு மாலையிலேயே முடித்துவிடலாம். 2024இல் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலைப்பரிசும் இதற்குக் கிடைத்தன.

வெண்பாவுக்கும் எல்லையுண்டு. தொழில் தேடிச் சென்ற படித்த நடுத்தரக் குடும்பமொன்றின் கதை அது. அதே ஆண்டுகளில் ஈழத்திலிருந்து ஏதிலிகளாகக் கனடாவை அடைந்தோரின் அனுபவம் அதிலில்லை. இது அவ்விளையாட்டின் பிழையன்று. அக்கதை இன்னும் தன் ஆக்குநரைக் காத்திருக்கிறது என்பதற்கான அறிகுறி.

வாயிலில் தடை வைப்பது எப்போதும் கவனக்குறைவால் நிகழ்வதன்று. சில வேளைகளில் அதுவே வணிகம். 2012இல் வெளிவந்த கன்டி கிறஷ் சாகாவில் ஐந்து உயிர்கள் தீர்ந்தபின், ஓர் உயிர் திரும்ப அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் பணம் செலுத்தலாம். இங்குத் தடை செயற்கையாகப் படைக்கப்பட்டு, அதன் நீக்கம் விற்கப்படுகிறது. இணையத் தொடர்பைக் கட்டாயமாக்குதலும் இத்தகையதே. 2014இல் வெளியான த குறூ என்ற காரோட்ட விளையாட்டின் வழங்கிகள் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியோர் தனித்தும் ஆட முடியாதவராயினர். ஐரோப்பாவில் இதற்கெதிரான மக்கள் இயக்கம் எழுந்தது. தரவுப் பொதிக்குக் காசை எண்ணிச் செலவிடும் நம் இளைஞனுக்கு, இணையமின்றி ஆடும் வசதி வெறும் விருப்பமன்று. வாங்கிய பொருள் தன்னுடையதா என்ற உடைமை வினா. மணலில் கோடு கீறி நாயும் புலியும் ஆடியவர்களிடம் இவ்வினா எழுந்ததில்லை. களமும் காயும் விதியும் ஆடுவோருடையனவாகவே இருந்தன.

விளையாடுவோர் எல்லாரும் விரும்பும் வசதிகளின் பட்டியல் இவ்வாறு ஓர் உரிமைப் பட்டியலாக விரிகின்றது. அதனைப் பிறரிடம் கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. 2014இல் அலாஸ்காவின் இனுப்பியாக் மக்கள் தம் முதியோரையும் கதைசொல்லிகளையும் ஆக்குநரோடு அமரவைத்து நெவர் அலோன் என்ற விளையாட்டைப் படைத்தனர். கதைசொல்லியின் குரல் அவர்களின் மொழியிலேயே ஒலிக்கிறது. பிற மொழியார் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கின்றனர். மொழிபெயர்ப்பை வேண்டி நிற்போர் வேற்றார் ஆயினர்.

மன்னாரில் இதற்கான பொருள் குறைவன்று. முத்துக்குளிப்பின் சிலாவத்துறையும் அரிப்பும், போரோடு நின்றுபோன இராமேசுவரக் கப்பற் பாதை, கூத்தின் இரு பாங்குகள், மூன்று சமயத்தாரின் சொல்வழக்கு ஆகியன அதற்கு உள்ளன. பல்கலைக்கழகங்களின் கணினித் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருக்கும் நிலை மாறுமாயின், இவை விளையாட்டாக உருப்பெறுதல் கூடும். அவ்விளையாட்டு எவ்வளவு கடினமாகவும் இருக்கட்டும். முத்துக்குளிப்போன் மூச்சடக்கும் கடினத்தை அது நமக்கு உணர்த்தட்டும். ஆயின் ஒரு கையுடையவனும் அதில் மூழ்கி எழ வேண்டும். விளக்கு அணைந்தாலும் அவன் எடுத்த சிப்பி அவன் கையில் இருக்க வேண்டும். அவன் ஊரின் பெயர் திரையிற் பிழையின்றித் தெரிய வேண்டும்.