கர்லாக்கட்டை
உடற்பயிற்சிக்காகச் சுற்றும் கர்லாக்கட்டையைச் சும்மா தூக்கினால் பெரிய கனம் தெரியாது. சுற்றினால்தான் தெரியும். எடை முழுக்கப் பருத்த முனையில் இருக்கிறது, பிடியோ ஒல்லி. தலைக்குப் பின்னால் இறங்கி முதுகை ஒட்டி ஊசலாடும்போது அதன் வேகம் கனத்தைக் கூட்டிவிடும். வீசிவிடலாம், ஆனால் அந்த வேகத்தை அடக்கி, தோளைச் சுற்றி மீண்டும் முன்னால் கொண்டுவருவதுதான் மணிக்கட்டு முதல் இடுப்பு வரை வேலை வாங்குகிறது.

தோள்மூட்டு எல்லாப் பக்கமும் சுழலக்கூடியது. அந்தச் சுழற்சிக்கே பாரம் ஏற்றும் கருவி இதைப்போல வேறில்லை என்பேன். சுமையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும் என்பது உடற்பயிற்சியின் அடிப்படை விதி. இங்கே அதற்குப் புதுக் கட்டைகூட உடனே வேண்டாம். கையைப் பிடியின் கடைசிக்கு நகர்த்தினால் போதும், அதே கட்டை இன்னும் கனக்கும்.

இந்தியாவில் கர்லாக்கட்டையைப் பார்த்த ஆங்கிலேயப் படையினர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது.

கட்டை சுற்றக் கற்றுக்கொள்ள, ஊரில் சிலம்பக்கூடம் இருந்தால் ஆசானிடம் கேட்டுப் பாருங்கள். இலேசான கட்டையில் தொடங்குங்கள். சுற்று சீராக வந்தபின் எடையைக் கூட்டலாம்.