ஷிகெரு மிசுகியின் போர்ச் சித்திரக்கதைகள்

ஷிகெரு மிசுகி (மார்ச் 8, 1922 - நவம்பர் 30, 2015) ஜப்பானிய மாங்கா ஓவியர். இயற்பெயர் ஷிகெரு முரா. நாட்டார் பேய்களைப் பாத்திரங்களாகக் கொண்ட 'கெகெகே நோ கிதாரோ' தொடரால் ஜப்பானில் வீடுதோறும் அறியப்பட்டார். அவர் தன் அனுபவத்தையும் வரலாற்றையும் கொண்டு வரைந்த போர்க்கதைகள் அந்தப் புகழின் நிழலில் நின்றவை. ஆனால் கலைஞராக அவருடைய இடத்தை உறுதிசெய்பவை அவையே.

போர் அனுபவம்

இரண்டாம் உலகப்போரில் படைக்கு அழைக்கப்பட்ட மிசுகி, நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபௌலுக்கு அனுப்பப்பட்டார். ஒரு விடியற்காலையில் அவர் காவல் நின்றபோது அவருடைய சிறு அணி தாக்கப்பட்டது. அவர் மட்டும் பிழைத்தார். கடலில் நீந்தியும் காட்டில் ஓடியும் துப்பாக்கியில்லாமல் முகாம் திரும்பியவரிடம், மற்றவர்களுடன் ஏன் சாகவில்லை என்றுதான் மேலதிகாரி கேட்டார். பின்னர் மலேரியாவில் படுத்திருந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். மிசுகியின் போர்க்கதைகள் அனைத்திலும் மேலதிகாரியின் அந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

சோயின் கியோகுசாய் செயோ (1973)

'கியோகுசாய்' என்றால் மணி நொறுங்குதல். சரணடையாமல் மொத்தமாகச் சாவதற்குப் படை சூட்டிய அழகான பெயர் அது. அந்த அழகை மிசுகி முதல் பக்கங்களிலேயே கலைத்துவிடுகிறார். வீரர்கள் பாலியல் விடுதியின் முன் வரிசையில் காத்து நிற்கிறார்கள், நேரம் முடிந்துவிடுகிறது. தொடரும் சாவுகளில் பலவற்றுக்குப் போருடன் தொடர்பே இல்லை. ஒருவனை முதலை கொண்டுபோகிறது. இன்னொருவன் மீன் தொண்டையில் சிக்கி மூச்சுத்திணறிச் சாகிறான். வாசகர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்ளும் இடங்கள் இவை.

இளம் தளபதி இறுதித் தாக்குதலுக்கு ஆணையிடுகிறார். அதிலும் சிலர் பிழைத்துவிடுகிறார்கள். ரபௌல் தலைமையகமோ அனைவரும் வீரமரணம் எய்தியதாக முன்பே அறிவித்துவிட்டது. அதனால் உயிரோடிருப்பதே குற்றமாகிறது. அவர்களுக்காக வாதாடும் படை மருத்துவர் தோற்றுத் தற்கொலை செய்துகொள்கிறார். எஞ்சியோர் மீண்டும் சாக அனுப்பப்படுகிறார்கள்.

இக்கதையில் தொண்ணூறு விழுக்காடு உண்மை என்று மிசுகி பின்னுரையில் சொல்கிறார். மாற்றப்பட்டது முடிவு. உண்மையில் பிழைத்தவர்கள் உண்டு. கதையில் ஒருவரும் மிஞ்சுவதில்லை, மிசுகியின் சாயல் கொண்ட மருயாமா உட்பட. ஆவணத்தன்மை கொண்ட ஒரு படைப்பில் இது சறுக்கல் என்று தோன்றலாம். ஆனால் எல்லோரும் செத்தார்கள் என்ற பொய்யறிக்கையைச் சொன்னது படை. மிசுகி அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி, அது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று வரைந்து காட்டுகிறார். அதுவரை உருண்டை மூக்கும் கோட்டு வாயுமாக இருந்த மனிதர்கள் இறுதிப் பக்கங்களில் புகைப்படத் துல்லியமுள்ள எலும்புக் குவியலாகிறார்கள். கேலிச்சித்திர முகங்களையும் நுணுக்கமான பின்னணியையும் இணைப்பது மிசுகியின் வழக்கமான பாணி. இங்கே மனிதர்கள் அந்தப் பின்னணியின் பகுதியாகிவிடுகிறார்கள்.

ஷோவா-ஷி (1988-1989)

ஷோவா பேரரசரின் காலத்தை (1926-1989) எட்டுத் தொகுதிகளில் சொல்லும் வரலாறு இது. பிழைத்துவந்த மிசுகி இதில் தன் பெயரிலேயே வருகிறார். பசியும் தூக்கமும் அறைவாங்கலுமாகக் கழியும் அவருடைய நாட்கள் ஒருபுறம், அமைச்சரவை மாற்றங்களும் படையெடுப்புகளும் மறுபுறம். கதைசொல்லி 'கிதாரோ' தொடரின் புரட்டுக்காரனான எலி மனிதன். நாட்டின் வரலாற்றைச் சொல்லும் பொறுப்பை ஒரு புரட்டனிடம் கொடுத்தது மிசுகியின் கூரிய கேலிகளில் ஒன்று.

அரசியல் பகுதிகள் எல்லா இடங்களிலும் ஓவியமாகவில்லை. செய்திப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்த கட்டங்களில் பெயரும் தேதியும் நெரிகின்றன. பாடநூலைப் புரட்டும் சோர்வு வருகிறது. மிசுகி மீண்டும் பசியோடு காட்டில் தோன்றும்போதுதான் பக்கங்கள் உயிர்பெறுகின்றன.

பெரிய குறை வேறு. ரபௌல் பகுதியின் தோலாய் மக்கள் ஒற்றைக்கை இளைஞனுக்கு உணவளித்தார்கள், தங்களுடனே இருந்துவிடும்படி அழைத்தார்கள். மிசுகி அவர்களை மிகுந்த நன்றியோடு வரைகிறார். அந்த நன்றியாலேயே அவர்களின் ஊர் சொர்க்கமாகிவிடுகிறது. யாரோ இரு நாடுகளின் போர் தங்கள் தோட்டங்களில் நடப்பதைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது கதைக்குள் வருவதில்லை. தன் படையின் பொய்யை அவ்வளவு கூர்மையாகக் கண்டவரின் பார்வை இந்த இடத்தில் விருந்தாளியின் பார்வையாகவே நின்றுவிடுகிறது. தோலாய் நண்பர் தொபெத்ரோவுடனான ஐம்பதாண்டு நட்பைப் பற்றி 1995-ல் தனி நூலே எழுதினார். அதிலும் கதையைச் சொல்பவர் மிசுகிதான்.