பென்சிலும் பேனாவும்

கேரள அரசுப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்பில் 2023 முதல் ‘சம்யுக்த டயரி’ வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அன்றன்று நடந்ததைக் குழந்தையும் வீட்டுப் பெரியவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். குழந்தைக்குத் தெரிந்த எழுத்து பென்சிலில், தெரியாதது பெரியவரின் பேனாவில்.

வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று வையுங்கள். மலையாளத்தில் பூனை ‘பூச்ச’. ‘பூ’வைக் குழந்தை எழுதிவிடும். அடுத்து வருவது கூட்டெழுத்து. அங்கே பென்சில் நிற்கும், அம்மா பேனாவை எடுப்பார். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் ஏராளம். அவை எல்லாம் கைவந்த பிறகுதான் சொந்தக் கதை எழுதலாம் என்றால் குழந்தையின் ஆசை வற்றிவிடும். பேனா அந்தக் காத்திருப்பை நீக்குகிறது. சில வாரம் கழித்து ‘பூச்ச’ முழுக்கப் பென்சிலில் வந்தால், தேர்வே வைக்காமல் டீச்சருக்கு விஷயம் தெரிந்துவிடும். இவ்வளவு எளிய, இவ்வளவு நுட்பமான பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் பேனா பிடிக்க வீட்டில் ஆள் வேண்டுமே! திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மலையாளம் சரளமாகப் பேசும் அம்மாவுக்கும் அதை எழுதத் தெரியாமல் இருக்கலாம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் கடினம். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. நல்ல பக்கங்கள் நூலாகத் தொகுக்கப்படுகின்றன, போனில் பகிரப்படுகின்றன. பாராட்டு கூடக்கூட அம்மாவின் பேனா வாக்கியத்தை அழகாக்கத் தொடங்கும். குழந்தையின் குரல் ஓரத்துக்குப் போய்விடும்.

கணக்குக்கு ‘உல்லாச கணிதம்’ இருக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கான விளையாட்டுவழிப் பயிற்சி. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பகடையில் விழுந்த 5ஐயும் 3ஐயும் ஒன்றொன்றாக விரல்விட்டு எண்ணியே ஒரு குழந்தை ஆண்டு முழுவதும் ஆடிவிட முடியும். ஆட்டத்தை நிறுத்தி, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்கும் டீச்சர் இல்லையென்றால் 8 என்பது கடைசிவரை விரல் எண்ணிக்கையாகவே நின்றுவிடும். கணக்கையும் குழந்தையின் அன்றாடத்தோடு சேர்க்கலாமே: மீன்காரச் சேச்சியிடம் 100 ரூபாய் கொடுத்து வாங்கிய மீதி சம்யுக்த டயரியிலேயே ஏன் ஏறக்கூடாது?

தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியது. அது குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்து, அவரவர் நின்ற இடத்திலிருந்து வகுப்பறையிலேயே கற்பிக்க முயல்கிறது. பொறுப்பு பள்ளியிடமே இருக்கிறது. கேரளம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். வீட்டில் பேனா இல்லாத குழந்தைக்கு டீச்சரோ நான்காம் வகுப்பு அக்காவோ காலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரட்டும். சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டுகிறவரின் மகள் வளர்க்கும் பூனையும் அப்போது டயரிக்குள் வந்துவிடும்.