கருக்கவரும் கருநாடியும்: ஒரு சொல்லாய்வு

கரிம வேதியியலில் பதிலீட்டு வினை என்பது, கரியணுவோடு பிணைந்துள்ள தொகுதியொன்று நீங்க, அதனிடத்தைப் பிறிதொன்று பெறுவதாம். அவ்வாறு புகுவது தன்பாலுள்ள எலக்ட்ரான் இணையை ஈந்து பிணைப்புறுமாயின், அதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கருக்கவர் பொருள்’ என வழங்குகின்றன. ஈழத்துத் தமிழ்நூல்கள் ‘கருநாடி’ என்கின்றன. இவ்விரண்டனுள் பொருளுக்கு இயைந்தது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மூலச்சொல்லை 1933இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் கிறிஸ்டோபர் இங்கோல்டு என்னும் அறிஞர். முற்பகுதி இலத்தீன், பிற்பகுதி, அன்பு என்னும் பொருள்தரும் கிரேக்கம். எனவே, ‘கருவை விரும்புவது’ என்பதே அதன் நேர்பொருள். பறித்தற்பொருள் அதன்கண் சிறிதும் இல்லை.

நிகழ்ச்சியை நோக்குவாம். மெதில் புரோமைடுடன் ஹைட்ராக்சைடு அயனி வினைபுரியுங்கால், அயனி புரோமினுக்கு எதிர்ப்புறத்தினின்று கரியணுவை அணுகித் தன் எலக்ட்ரான் இணையை அளிக்கின்றது. புரோமின் பிணைப்பிலிருந்த இணையுடன் விலகுகின்றது. ஏனைய மூன்று பிணைப்புகளும் காற்றிற் புரண்ட குடைக்கம்பிகளைப் போல மறுபுறம் சாய்கின்றன. பால் வால்டன் 1896இல் கண்ட தலைகீழ் மாற்றத்திற்குப் பின்னர்க் கிடைத்த விளக்கம் இதுவே. இங்கு வந்தது கொடுத்ததேயன்றிக் கவர்ந்ததன்று. ‘எலக்ட்ரான் கவர் பொருள்’ என்பது மிகப் பொருத்தமான சொல். அது மெய்யாகவே எலக்ட்ரானைக் கொள்கின்றது. அதற்கு இணையாக அமைந்த ‘கருக்கவர் பொருள்’ ஓசையால் ஒத்துப் பொருளால் மாறுபடுகின்றது.

இலக்கண நெறியாலும் இடர்ப்பாடு உண்டு. ‘கவர் பொருள்’ வினைத்தொகை. ‘நுகர்பொருள்’ நுகரப்படும் பொருளாதல் போல, இதுவும் கவரப்படும் பொருளெனக் கொள்ள இடந்தருகின்றது. கவர்வது எது, கவரப்படுவது எது என மாணவன் மயங்குவான்.

கவர்தல் ஈர்த்தலையும் குறிக்குமே எனச் சிலர் வினவலாம். உண்மையே, ஆயினும் ஈர்ப்பு இருபாலும் உள்ளதாகலின் ஈவோனையும் கொள்வோனையும் அது வேறுபடுத்திக் காட்டாது. ‘நாடி’ என்பது குருதிநாடியை நினைவூட்டும் என்பாரும் உளராகலாம். ‘கரு’ முன்னிற்ப அம்மயக்கம் எழாது. ஈதல் என்பதை ‘நாடி’யும் வெளிப்படக் கூறவில்லை, எனினும் உண்மைக்கு மாறாக ஒன்றும் கூறவில்லை.

தமிழ் மூலத்தினும் தெளிவுறும் இடமும் ஒன்றுண்டு. எட்வர்டு ஹியூசும் இங்கோல்டும் இவ்வினைகளை எஸ்என்1, எஸ்என்2 எனப் பகுத்தனர். மூவிணைய பியூட்டைல் புரோமைடின் நீராற்பகுப்பில், புரோமைடு தானே பிரிதலே மெதுவான படி; ஆதலின் வினைவேகம் அதன் செறிவொன்றையே சார்ந்தது. மெதில் புரோமைடின் வினைவேகமோ இருபொருளின் செறிவையும் சார்ந்தது. எண்கள் குறிப்பது வேகத்தை உறுதிசெய்யும் படியிற் பங்குகொள்ளும் மூலக்கூறுகளின் தொகையை. அவற்றைப் படிகளின் தொகையெனக் கொள்வது மாணாக்கரிடை எளிதில் நேரும் பிழை. உண்மையோ நேர்மாறானது: எஸ்என்1 வினைக்குப் படிகள் ஒன்றின் மேற்பட்டன, எஸ்என்2 வினைக்குப் படி ஒன்றே. ‘ஒரு மூலக்கூற்றுப் பதிலீடு’, ‘இரு மூலக்கூற்றுப் பதிலீடு’ என விரித்தெழுதின் இப்பிழைக்கு இடமிராது. குறியீட்டை மட்டும் எழுதியமையும் ஆசிரியர் தமிழால் விளையும் இந்நலத்தை இழக்கின்றனர்.

ஒருபுறம் வினை, மறுபுறம் தாக்கம். ஒருபுறம் பதிலீடு, மறுபுறம் பிரதியீடு. ஒரே மொழியில் ஒரே அறிவியலைக் கற்கும் இருவர், ஒருவர் நூலை மற்றவர் மீண்டும் மொழிபெயர்த்துக் கொள்ள வேண்டிய நிலை இது. தூய்மை வாதம் இதனைத் தீர்க்காது. ‘பிரதி’ வடசொல்லெனின், ‘பதில்’ அரபு மூலத்ததென்பர். எச்சொல் நிகழ்ச்சியைப் பிழையறக் காட்டுகின்றது என்பதே அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலால் ‘பதிலீடு’ தமிழகத்தினின்றும் ‘கருநாடி’ ஈழத்தினின்றும் கொள்ளத்தக்கன. ‘இரு மூலக்கூற்றுக் கருநாடிப் பதிலீடு’ எனும் தொடர் இருகரைக்கும் பொதுவாகுக என்பது எம் துணிபு.