செட்டிபாளையத்தில் ஜெயித்தால் போதுமா?

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அடுத்தடுத்து இரண்டு ரேஸ் ஜெயித்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அவனை 'அடுத்த மார்க்கெஸ்' ஆக்கிவிடுகிறோம். மார்க் மார்க்கெஸ் 2013-இல் பைக் ரேஸின் உச்சமான மோட்டோஜிபியில் நுழைந்த வருடமே, இருபது வயதில், உலகப் பட்டம் வென்றவர். அந்தப் பெயரை இப்படி வாரி வழங்கலாமா?

பையன்களிடம் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த ட்ராக் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பார்க்காமலே மேளம் கொட்டுகிறோம் என்கிறேன்.

2003-இல் திறக்கப்பட்ட இந்த ட்ராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர். சென்னை இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது 3.7 கிலோமீட்டர். யார் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடாமல் போகிறார், வளைவு முடியும் முன்பே யார் ஆக்சிலரேட்டரைத் திருகுகிறார் என்பதெல்லாம் செட்டிபாளையத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். பெரிய பைக்கை நீண்ட வளைவில் அசுர வேகத்தில் சாய்த்தபடியே கொண்டுபோகும் நெஞ்சுரம் தெரியாது. அதைச் சோதிக்க அங்கே இடமில்லை.

ஜிக்ஸர் கப் மாதிரியான போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே பைக் என்பதால் ஜெயித்தது வண்டியா ஆளா என்ற சந்தேகம் வராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சின்ன இன்ஜினுக்கு ஓட்டுபவரின் எடை பெரிய விஷயம். நாற்பது கிலோ பையனும் அறுபத்தைந்து கிலோ இளைஞரும் ஒரே வண்டியில் நேர்ப்பாதையில் இறங்கினால் என்ன நடக்கும் என்று ரேக்ளா ஓட்டும் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலக சாம்பியன்ஷிப்பின் தொடக்கப் பிரிவான மோட்டோ3-இல் வண்டியும் வீரரும் சேர்ந்து குறைந்தது 152 கிலோ இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். போதாக்குறைக்கு, முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிக் காற்று மறைவில் வந்து கடைசி லேப்பில் தாண்டிவிடலாம். அப்படிப்பட்ட ரேஸில் முதலாமவருக்கும் நான்காமவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கோப்பை மட்டும் ஒருவர் கையில்.

உண்மையான சோதனை வெளியூரில்தான். சென்னையின் கவின் குவிண்டால் இங்கே ஹோண்டா டேலண்ட் கப்பில் கொடிகட்டிப் பறந்தவர். அவரும் மலப்புரம் மொஹ்சின் பரம்பனும் ஆசிய ரோடு ரேசிங் சாம்பியன்ஷிப்பின் 250 சிசி பிரிவுக்குப் போனபோது, இந்தோனேசிய, தாய்லாந்து வீரர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் முதல் பதினைந்துக்குள் வருவதற்கே போராட வேண்டியிருந்தது. இதில் அவமானம் ஒன்றுமில்லை. எவ்வளவு தூரம் பாக்கி இருக்கிறது என்பதற்கு அதுதான் அளவுகோல். 2011-இல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் இறங்கிய முதல் இந்தியர் சென்னை சரத் குமார். புள்ளி எதுவும் எடுக்கவில்லை, சீசனை முழுதாக ஓட்டவும் இல்லை. அப்போது எழுந்த ஆரவாரம் அதன்பின் எங்கே போயிற்று?

ஸ்பெயினின் பெத்ரோ அகோஸ்டாவைப் பாருங்கள். 2021-இல் தன் இரண்டாவது மோட்டோ3 ரேஸிலேயே பிட் லேனிலிருந்து கிளம்பி ஜெயித்தார், அந்த வருடமே பட்டத்தையும் எடுத்தார். 2023-இல் மோட்டோ2 பட்டம். புகழ்ந்ததில் தப்பே இல்லை. அவரே மோட்டோஜிபிக்கு வந்த பிறகு 2024, 2025 இரண்டு சீசனிலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முக்கிய ரேஸ் ஒன்றைக்கூட வெல்லவில்லை.

நம்மூர் நரேன் கார்த்திகேயன் கார் ஓட்டுபவர்தான், ஆனாலும் பாடம் இருக்கிறது. பதின்ம வயதிலேயே ஐரோப்பா போய் அங்கத்திய ஆட்களோடு மோதித் தேறியதால்தான் 2005-இல் எஃப்1 கதவு திறந்தது. (அந்த வருடம் இண்டியானாபோலிஸில் அவர் பிடித்த நான்காம் இடத்தைப் பேசும்போது, அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.) பைக் ஓட்டும் பையன்களில் பலருக்கு அப்படி வெளிநாடு போகும் வசதி கிடையாது. உள்ளூர்ப் பாராட்டு அந்தச் செலவை ஈடுகட்டாது.

வயது விஷயமும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் இறந்த பெங்களூரு ஷ்ரேயஸ் ஹரீஷுக்கு வயது 13. அந்த சீசனில் வரிசையாக நான்கு ரேஸ் வென்றிருந்த சிறுவன். ரேஸ் தொடங்கிய சற்று நேரத்தில் நடந்த விபத்துக்கும் புகழுரைக்கும் முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் 2021-இல் ஸ்பெயினின் ஹெரெஸில் நடந்த ரேஸில் 15 வயது டீன் பெர்ட்டா வினாலெஸ் இறந்ததும் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் வயது வரம்பை உயர்த்தியது. இங்கே நாமோ வயது குறையக் குறைய அதிகமாகக் கைதட்டுகிறோம்.

அடுத்த ரவுண்டுக்குச் செட்டிபாளையம் போகிறவர்கள் போடியத்தை விட்டுவிட்டு டைம் ஷீட்டைப் பாருங்கள். முன்னால் யாரும் இல்லாமல் தனியாக ஓடியபோது என்ன நேரம், டயர் தேய்ந்த கடைசி மூன்று லேப்பில் என்ன நேரம். இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான் என்றால் அந்தப் பையனின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.