சம்மட்டியும் அதன் ஓசையும்

திரைப்படத்தில் ஒலியையும் படத்தையும் பொருத்துவது வெறும் தொழினுட்பக் கருமம் என்றே நம்மவருட் பலர் கருதுகின்றனர். உதடு அசைகையிற் சொல் கேட்டாற் போதும்; எஞ்சியது படத்தொகுப்பாளன் பாடு என்பது அவர் எண்ணம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. எந்த ஓசை எந்த உருவத்துக்கு உரியது என்ற தீர்ப்பு, கருத்துலகத் தீர்ப்புமாகும். டிசிகா வேர்ட்டோவின் 'உற்சாகம்: டொன்பாஸ் சிம்பனி' என்னும் படத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

ஒலியைப் படத்தோடு ஒட்டவைப்பதே பேசும்படத்தின் இலக்காகிவிடும் என அஞ்சிய ஐசென்ஸ்ரைன், புடொவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும், ஒலி படத்துக்கு எதிர்நிலையில் நின்று இயங்கவேண்டும் என 1928இல் அறிக்கை விடுத்தனர். வேர்ட்டோவ் இவ்விதியை முற்றாக ஒப்பவில்லை. பொருந்துதலோ விலகுதலோ கட்டாயமல்ல என்பதே அவர் நிலைப்பாடு. முதலாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், உக்ரேனின் டொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் ஒலிப்பதிவுக் கருவியையே கொண்டு சென்றார். வெளியிடத்து இரைச்சலைப் பதிந்தால் வெறுங் கூச்சலே மிஞ்சும் என்றோர் அன்று இருந்தனர். 1931இல் வெளியான இப்படத்தில் அக்கூச்சலே இசையாயிற்று. சாப்ளின் அதனை மனமாரப் பாராட்டினார்.

பிற்காலத்திற் கிடைத்த பிரதியிலோ படமும் ஒலியும் பிசகிக் கிடந்தன. இப்பிசகு எளிதில் நேர்வது. பேசும்படம் செக்கனுக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். படச்சுருளும் ஒலிச்சுருளும் தனித்தனியே இருக்கையில், ஒன்றில் மட்டும் 12 சட்டங்கள் அறுந்துபோயின், அதன்பின் வருவன யாவும் அரைச் செக்கன் தவறும். (ஒரு கருவியிற் படமும் வேறொரு கருவியில் ஒலியும் பதியும் இன்றைய மாணவர், தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி வைப்பது இத்தொல்லைக்கு அஞ்சியே.) அரைச் செக்கன் அற்பமன்று. சம்மட்டி வீழ்ந்து, மீண்டும் எழும்போது ஓசை கேட்குமாயின், உழைப்பவன் கேலிச்சித்திரமாகி விடுகிறான்.

ஒஸ்திரியத் திரைப்பட நூதனசாலையின் சார்பில் பீட்டர் குபெல்கா, 1972இல் ஒலித்தடத்தை நகர்த்திப் பொருத்தி இப்படத்தை மீட்டார். வேர்ட்டோவ் வேண்டுமென்றே விலக்கி வைத்த இடங்களும் உண்டே என விமர்சகர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானது, தேவாலய மணியோசை வேறு உருவங்களின்மேற் படிவதைப் பிசகென்று எவர் சொல்வார்? ஆயினும் ஆலைக் காட்சிகளைப் பொறுத்தவரை நாம் குபெல்காவின் பக்கமே. அங்கு ஓசை தொழிலாளியின் செயலிலிருந்து பிறக்கிறது. அதனை அவனிடமிருந்து பிரிக்க எவருக்கும் உரிமையில்லை.

நமது மனக்குறை வேறிடத்தில் உள்ளது. படத்தின் இறுதிப் பகுதி அறுவடையையும் அதன் கொண்டாட்டத்தையும் காட்டுகிறது. அதே உக்ரேனில் 1932-33இற் பல இலட்சம் மக்கள் பட்டினியால் மாண்டனர். தானியம் வலிந்து கொள்முதல் செய்யப்பட்டதே அதன் முதற் காரணம். வருவதை வேர்ட்டோவ் அறிந்திருக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆனால் முற்போக்காளர் என்போர் இப்படத்தைப் புகழ்ந்தெழுதுகையில் இதனைத் தவிர்த்துச் செல்வதை எங்ஙனம் பொறுப்பது? வகுப்பறையில் இதனைக் காட்டும் ஆசிரியர்கள் குபெல்காவின் பிரதியையே தேடிப் பெறுக; அறுவடைக் காட்சியிற் படத்தை நிறுத்தி, அவ்விரு ஆண்டுகளையும் மாணவர்க்கு எடுத்துரைக்க.