யந்திரத்துக்குள்ளே யாருடைய குரல்? மின்னிசை கேட்பது பற்றிச் சில குறிப்புகள்

மின்னிசை என்றால் அது வெள்ளைக்காரன்ட சாமான். இரவுக் களியாட்டத்துக்கு உரியது. அதில் சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. எங்கட ஆட்களிடம் நெடுநாளாக இருக்கிற முடிவு இது. இலக்கியம் படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவன். பாடவேளை முடிந்து மணியடித்ததும் பிள்ளைகளின் காதுகளில் இயர்போன் ஏறிவிடும். என்ன கேட்கிறாய் என்று கேட்டால், "தெரியா சேர், போன் தானா போடுது" என்பார்கள். அந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது.

இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம். அதற்குள் நான் போகவில்லை. கேட்கிறவர்கள் எப்படியும் கேட்கிறார்கள். அவர்களுக்கு எதைக் கேட்கலாம் என்று காட்டித்தருவது யார் என்பதே என் கேள்வி. செயலி காட்டித்தருகிறது என்றால், உங்களைப் போன்ற இன்னும் பலர் எதை விடாமல் கேட்டார்களோ அதை அது உங்களுக்கும் நீட்டுகிறது. அதற்கு ஒரு பாட்டின் வரலாறு தேவையில்லை, அதைப் பாடியவர் யார் என்பதும் தேவையில்லை. விமர்சகனின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நான்கு கலைஞர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நால்வரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கப் போகிறேன்: உங்கள் யந்திரத்துக்குள் இருக்கும் குரல் யாருடையது?

முதலாமவர் ஹலீம் அல்-தப். 1921இல் கெய்ரோவில் பிறந்தவர், விவசாயம் படித்தவர். 1944இல் கெய்ரோ வானொலி நிலையமொன்றிலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியொன்றை இரவல் வாங்கினார். நாடா பரவலாகுமுன் இருந்த கருவி அது. மெல்லிய உருக்குக் கம்பியில் காந்தப் பதிவாக ஒலி ஏறும். அதைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடத்தும் ஸார் சடங்கொன்றுக்குப் போய்ப் பதிவு செய்தார். ஸார் என்பது எகிப்திலும் சூடானிலும் உள்ள வழக்கம். ஆவி பிடித்தவர் என்று கருதப்படும் பெண்ணைச் சுற்றிப் பறை அடித்துப் பாடி ஆற்றுப்படுத்துவார்கள். மார்க்க அறிஞர்கள் இதை ஏற்பதில்லை, ஆனாலும் ஊர்களில் அது நின்றுவிடவில்லை.

பதிவை அவர் அப்படியே விடவில்லை. எதிரொலி அறைகளுக்குள் செலுத்தி, மீண்டும் மீண்டும் பதிந்து, குரலின் அடித்தொனியைக் கழித்து மேலொலிகளை மட்டும் எஞ்சவிட்டார். இன்று கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நிமிடத் துண்டுதான். 'வயர் ரெக்கோர்டர் பீஸ்' என்ற பெயரில் கேட்கலாம். சொல் எதுவும் பிடிபடாது. தூரத்தில் ஒரு கூட்டம் முனகுவதுபோல, சுவருக்குப் பின்னால் ஒருவர் அழுவதுபோல இருக்கும். இதை வகுப்பில் ஒருநாள் போட்டுக் காட்டினேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "சேர், பக்கத்து வீட்டு ராத்திபு எங்கட வீட்டுக்குக் கேக்கிற மாதிரி இருக்கு" என்றது. நான் எழுதக்கூடிய எந்த நயப்புரையையும்விட அது சரியாக இருந்தது. றபானின் சத்தம் மதில் தாண்டி வரும்போது வார்த்தை உதிர்ந்துவிடும், அதிர்வு மட்டும் வந்து சேரும். அல்-தப் யந்திரத்தால் செய்தது அந்த உதிர்ப்பைத்தான்.

பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஒலிகளை வைத்து இசை அமைத்தது 1948இல். அதாவது, பதிவுசெய்த ஒலியை உருமாற்றி இசையாக்கும் முறையை ஷேஃபரிலிருந்து தொடங்கும் பாடநூல்கள் நான்கு வருடம் பிந்தித் தொடங்குகின்றன. உடனே எங்களில் சிலர் "பார்த்தீங்களா, முஸ்லிம்கள்தான் முதலில்" என்று எழுதப் புறப்படுவார்கள். அல்-தப் கொப்திக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெருமை பேச வருகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும். இதைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. ஆண்கள் நுழையக்கூடாத அந்தச் சடங்குக்குள் அவரும் நண்பர் ஒருவரும் பெண்களைப்போல முகத்தை மறைத்துக்கொண்டு போனார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்களின் பெயர்கள் பதிவோடு எங்களிடம் வந்து சேரவில்லை. யந்திரத்துக்குள் இருக்கும் குரல் யாருடையது என்ற கேள்விக்கு, மின்னிசையின் முதல் பக்கமே பதில் சொல்லாமல் விட்டிருக்கிறது.

பின்னர் அமெரிக்கா சென்ற அல்-தப், கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசை நிலையத்தில் 1959இல் 'லைலா அண்ட் த போயட்' என்ற ஆக்கத்தைச் செய்தார். லைலா மஜ்னூன் கதை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கதை சொல்வது அவருடைய நோக்கமில்லை. குரல்களும் கீழைத்தேய வாத்திய ஒலிகளும் நாடாவில் வெட்டுண்டு, வேகம் மாறி, ஒன்றையொன்று துரத்துகின்றன. பித்து என்பதை வருணிக்காமல், கேட்கிறவனின் காதிலேயே அதை நடத்திக்காட்டுகிறார். அவருடைய ஆக்கங்களில் முதலிடம் இதற்கே. 2017இல் 96ஆவது வயதில் காலமானார்.

இரண்டாமவர் சரண்ஜித் சிங். ஹிந்தித் திரைப்பாட்டுக்கு வாசித்த பொம்பாய்க் கலைஞர். 1982இல் ரோலண்ட் கம்பனியின் மூன்று கருவிகளை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அந்த இசைத்தட்டு விலைப்படவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் திடுக்கிட்டது. காரணம், 1987இல் சிக்காகோவில் பிறந்த 'அசிட் ஹவுஸ்' இசையின் அடையாளமான வளைந்து நெளியும் ஒலி, ஐந்து வருடம் முன்னதாகவே அந்தத் தட்டில் இருந்தது. இரண்டுக்கும் பொதுவானது டி.பி. 303 என்ற சிறிய கருவி. கிற்றார்காரருக்கு அடித்தொனித் துணை கொடுக்கச் செய்யப்பட்டு, அந்த வேலையில் தோற்றுப்போன கருவி அது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. எங்கள் பக்கத்து இசைக்கு அந்த வழுக்கலே உயிர். சிங்கின் கையில் அது தன் வீட்டுக்குத் திரும்பியதுபோல இருக்கிறது.

சிக்காகோக்காரர்கள் சிங்கைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரே கருவி இரண்டு ஊரில் ஒரே கதவைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். குறையும் உண்டு. பத்து ராகத்துக்கும் ஏறத்தாழ ஒரே தாளம். ராகம் மூச்சு விடுவதற்கு இடமில்லை. பைரவ் கேட்கும்போது வரும் வியப்பு ஐந்தாவது ராகத்தில் தேய்ந்துவிடுகிறது. முழுவதையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். பைரவ் மட்டும் கேளுங்கள், இன்னொரு நாள் லலித்.

மூன்றாமவர் பற்றித்தான் எங்கட வாசகர்கள் வாதாடவேண்டும். மன்செஸ்டரைச் சேர்ந்த பிரின் ஜோன்ஸ், 'முஸ்லிம்கோஸ்' என்ற பெயரில் இசை வெளியிட்டவர். மஸ்லின் துணியின் பெயரை வைத்து ஆடிய சொல்விளையாட்டு அது. 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்தது அவரை உலுக்கியது. அதன்பின் பலஸ்தீன், ஈரான், ஆப்கானிஸ்தான் என்று முஸ்லிம் நாடுகளின் துயரத்துக்கே தன் இசையை ஒப்படைத்தார். 1999இல் 37ஆவது வயதில் இறக்கும்போது தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் வந்திருந்தன. அவர் முஸ்லிம் அல்ல. மத்திய கிழக்கில் கால் வைத்ததும் இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணுக்குப் போகமாட்டேன் என்பது அவர் சொன்ன நியாயம்.

பலஸ்தீனைப் பற்றி மேற்கில் ஒருவர் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததை மதிக்கிறேன். இசையும் லேசானதல்ல. 1998இல் வந்த 'முல்லா ஸைத்' தொகுப்பில் தாளம் மெதுவாகச் சுழன்று, திடீரென அறுந்து, மறுபடி எழுகிறது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. அரசியல் முழுவதும் தலைப்பில்தான் இருக்கிறது. உள்ளே கேட்கிற அறபுக் குரல்கள் யாருடையவை, என்ன சொல்கின்றன என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. அவை மணமூட்டும் வாசனைத் திரவியமாக நிற்கின்றன. எட்வர்ட் ஸைத் கீழைத்தேயவாதம் பற்றி 1978இல் எழுதியதை வாசித்தவர்களுக்கு இது விளங்கும்: எங்களுக்காகப் பரிந்து பேசுகிறவரும் எங்களை வாய்பேசாதவராக வைத்திருக்க முடியும். ஜோன்ஸிடம் இரக்கம் நிறைய இருக்கிறது, அறிமுகம் இல்லை. இதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன், கேட்டபின் இதைப் பேசுங்கள் என்றும் சொல்வேன்.

நாலாமவர் அரூஜ் அஃப்தாப். லாஹூரில் வளர்ந்து அமெரிக்காவில் வாழ்பவர். 2018இல் வந்த 'சைரன் ஐலண்ட்ஸ்' மின்னொலியும் அடுக்கடுக்கான குரலும் கலந்த தொகுப்பு. அடுத்து 2021இல், மறைந்த தன் தம்பிக்குச் சமர்ப்பித்து 'வல்ச்சர் பிரின்ஸ்' வெளியிட்டார். பெரிய கம்பனி அல்ல, 'நியூ அம்ஸ்டர்டம்' என்ற சுயாதீன நிறுவனம் வெளியிட்டது. அதிலுள்ள 'மொஹப்பத்' பாட்டு அந்த வருடம் பராக் ஒபாமாவின் கோடைகாலப் பாட்டுப் பட்டியலில் இடம்பிடித்தது. 2022இல் கிறாமி விருதும் பெற்றது. ஹஃபீஸ் ஹோஷியார்பூரி எழுதிய கஸல் அது. மெஹ்தி ஹஸன் முன்பே பாடியது. மெஹ்தி ஹஸன் பாடும்போது சபை ஒன்று எதிரே இருக்கிறது. அரூஜ் பாடும்போது யாருமில்லை, அறையில் தனியே இருந்து தனக்குத்தானே சொல்கிறார். ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டில் குரல் ஒருமுறைகூட உரத்து ஒலிக்காது. துக்கத்தைக் குறைத்துச் சொல்லிப் பெருக்குவது நல்ல கவிதையின் இயல்பு, அதை இசையில் செய்திருக்கிறார். என் கேள்விக்கும் இங்கே முழுப் பதில் கிடைக்கிறது: எழுதியவர் தெரியும், முன்பு பாடியவர் தெரியும், இன்று பாடுகிறவர் யாருக்காகப் பாடுகிறார் என்பதும் தெரியும்.

இந்தக் கேள்வியை எங்கள் பக்கமும் திருப்பவேண்டும். கிழக்கிலே நாட்டார் கவி பாடுகிற மூத்தம்மாக்கள் குறைந்து வருகிறார்கள். ராத்திபில் றபான் அடித்த பாவாக்களும் அப்படித்தான். 1944இல் அல்-தப் இரவல் வாங்கவேண்டியிருந்த கருவியைவிடச் சிறந்த ஒன்று இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. நாளைக்கு எங்கட பிள்ளை ஒன்று அந்தக் கவியை வைத்து மின்னிசை செய்யட்டும், சந்தோசம். ஆனால் மறைந்திருந்து எடுக்கவேண்டாம். "மூத்தம்மா, பதியட்டா?" என்று கேட்டு, அவருடைய பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதிவைத்த பிறகே பதியவேண்டும்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை தருகிறேன். முதலில் 'மொஹப்பத்', காது பழகும். பிறகு சிங்கின் பைரவ். அடுத்து 'லைலா அண்ட் த போயட்'. 'முல்லா ஸைத்' அதற்குப் பிறகு. கடைசியாக அந்த இரண்டு நிமிடக் கம்பிப் பதிவு. வீடு அடங்கிய பிறகு, இயர்போனில், இரண்டு தடவை.